வெயில் பார்க்காத பூவுக்கு யார் சோறு போடுகிறார்கள்?

இந்தச் செடியைப் பார்க்க வேண்டுமென்றால் முட்டி போட வேண்டும். வேறு வழியே இல்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் மழை தொடங்கும் மே, ஜூன் மாதங்களில், துடைப்பக் குச்சிகளைக் கட்டாகக் கட்டி நட்டு வைத்த மாதிரி நெருக்கமாக நிற்கும் ஒரு புதருக்கு அடியில் போய்க் குனிந்து, உதிர்ந்து கிடக்கும் சருகை விரலால் ஒதுக்கி, அதற்குக் கீழே மண்ணையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிப் பார்க்க வேண்டும். ஒன்றும் இருக்காது. அடுத்த புதர். அங்கேயும் இருக்காது. இப்படி மணிக்கணக்கில் தவழ்ந்து தேடினால், அன்றைக்கு அதிர்ஷ்டம் இருந்தால், மண்ணுக்குள் பாதி விரிந்த சாமந்தி மொட்டு போல ஒன்று தெரியும். வெளிறிய, லேசாக ரோஜா நிறம் கலந்த மடல்கள் சுற்றி நிற்க, நடுவில் கருஞ்சிவப்பாக டஜன் கணக்கில், சிலவற்றில் நூறு வரைக்கும், குட்டிக் குட்டிப் பூக்கள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

அது ஓர் ஆர்க்கிட். கல்யாண மேடை அலங்காரத்தில் ஊதாவும் வெள்ளையுமாகச் செருகி வைக்கிறார்களே, அந்த டென்ட்ரோபியத்தின் தூரத்துச் சொந்தம். ஆனால் இது முளைப்பது, வளர்வது, பூப்பது, காய்ப்பது எல்லாமே மண்ணுக்குள். பூக்கும்போது மடல்கள் மேல் மண்ணை லேசாகத் தள்ளுவதில் ஒரு சின்ன வெடிப்பு விழும். அதுவும் சருகுக்கு அடியில்தான். வெளி உலகத்துக்கு இந்தச் செடி காட்டும் அதிகபட்ச முகம் அவ்வளவுதான்.

பெயர் ரைசாந்தெல்லா கார்ட்னெரி. கிரேக்க மொழியில் வேர், பூ என்ற இரண்டு சொற்களைச் சேர்த்து வைத்த பெயர். வேர்ப்பூ என்று சொல்லிக்கொள்ளலாம். வேடிக்கை என்னவென்றால் இதற்கு வேரே கிடையாது. இலை கிடையாது. பச்சை நிறம் ஒரு துளி கிடையாது. விரல் நீளத்துக்கு வெளுத்துப்போன, சதைப்பற்றான ஒரு கிழங்குத் தண்டு மண்ணுக்குள் படுத்துக் கிடக்கும், அதன் மேல் மெல்லிய ரோமங்கள், நுனியில் பூக்கொத்து. சரி, இலையும் இல்லை, வேரும் இல்லை, வெயிலும் படுவதில்லை என்றால் இது எதைத் தின்று உயிர் வாழ்கிறது? அதைச் சொல்லாமல் இந்தச் செடி ஏன் அழிகிறது என்று சொல்லவே முடியாது.

எங்கள் பள்ளித் தாவரவியல் நோட்டில் இதற்கு ஒரே வரியில் பதில் இருந்தது. பச்சையம் இல்லாத பூக்கும் தாவரங்கள் இரண்டு வகை. மற்றொரு செடியில் நேராக உறிஞ்சினால் ஒட்டுண்ணி, அழுகிய இலைதழைகளிலிருந்து சத்தெடுத்தால் மட்குண்ணி. மட்குண்ணிக்கு எடுத்துக்காட்டு மோனோட்ரோபா என்று எழுதினால் முழு மதிப்பெண். நானும் எழுதி வாங்கியிருக்கிறேன். அந்த விடை தப்பு. எந்தப் பூக்கும் தாவரத்துக்கும் மட்கிய இலையைத் தானே கரைத்துச் சாப்பிடும் திறமை இல்லை, அதற்கான நொதிகள் அதனிடம் கிடையாது. 1881 வாக்கிலேயே போலந்துக்காரரான கமியென்ஸ்கி மோனோட்ரோபாவைத் தோண்டிப் பார்த்துவிட்டு, இதன் வேரைப் போர்த்தியிருக்கும் பூஞ்சைதான் பக்கத்து மரத்தின் வேரையும் போர்த்தியிருக்கிறது, அப்படியென்றால் சாப்பாடு அங்கிருந்துதான் வருகிறது என்று யூகித்துவிட்டார். 1885-ல் ஜெர்மனியில் ஃபிராங்க் என்பவர் இந்தக் கூட்டுக்கு மைக்கோரைசா, அதாவது பூஞ்சைவேர் என்று பெயர் வைத்தார் (அவரை அரசாங்கம் கேட்டது டிரஃபிள் என்கிற விலையுயர்ந்த நிலத்தடிக் காளானை வளர்க்க வழி கண்டுபிடிக்கச் சொல்லி, அது நடக்கவில்லை, இது கிடைத்தது). கடைசியில் 1960-ல் ஸ்வீடனின் பியோர்க்மன் ஊசியிலை மரங்களுக்குள் கதிரியக்கக் கார்பன் ஏற்றிய சர்க்கரையைச் செலுத்தி, அது மோனோட்ரோபாவுக்குள் வந்து சேர்வதைக் காட்டினார். அதற்கப்புறமும் பல வருஷம் நம் நோட்டில் மட்குண்ணிதான் என்பது வேறு கதை.

ஆக, இந்த மாதிரிச் செடிகள் சாப்பிடுவது மட்கிய இலையை அல்ல, பூஞ்சையை. நம் ஊர் உரக்கடையில் 'வேம்' என்று வேர் உட்பூசணம் விற்கிறார்களே, அதுவும் பூஞ்சைவேர்தான், வேறு ரகம். அதில் நடப்பது நியாயமான பண்டமாற்று. பூஞ்சை தன் இழைகளை வேர் போக முடியாத இடத்துக்கெல்லாம் நீட்டித் தண்ணீரும் பாஸ்பரசும் கொண்டுவரும், செடி பதிலுக்கு இலையில் சமைத்த சர்க்கரையைக் கொடுக்கும். உலகத்தில் பெரும்பாலான செடிகளுக்கு இந்தக் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பூஞ்சையுண்ணிச் செடி என்பது அந்தக் கணக்குக்குள் புகுந்து, எடுப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, பதிலுக்கு எதையும் வைக்காமல் போகிற ஆள். ஆர்க்கிட் குடும்பத்துக்கே இதில் பழைய பழக்கம் உண்டு. ஆர்க்கிட் விதை தூசு மாதிரி இருக்கும், உள்ளே கைச்செலவுக்குக்கூடச் சத்து இருக்காது. மண்ணில் விழுந்ததும் ஏதாவது ஒரு பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளையே கிளம்பும். இதை 1899-ல் பிரான்சின் நோயல் பெர்னார்ட் ஒரு காட்டில் முளைத்துக் கிடந்த ஆர்க்கிட் நாற்றுகளைப் பார்த்துக் கண்டுபிடித்தார். பெரும்பாலான ஆர்க்கிட்கள் வளர்ந்து இலை விட்டதும் சொந்தக் காலில் நிற்கும். சில நிற்பதில்லை. கார்ட்னெரி கடைசி வரைக்கும் கைக்குழந்தை.

அதன் வீட்டுக் கணக்கில் இருப்பவர்கள் மூன்று பேர்.

முதல் ஆள் அந்தத் துடைப்பப் புதர். மெலலூக்கா பேரினம், அதிலும் உன்சினேட்டா என்ற இனமும் அதன் நெருங்கிய உறவுகளும். நம் நாவல், கொய்யா, கிராம்பு, தைலமரம் எல்லாம் இருக்கிற அதே மிர்ட்டேசியே குடும்பம்தான். இலை ஊசி போல ஒல்லியாக, நுனியில் கொக்கி வளைவோடு இருக்கும். இந்த வீட்டில் வெயிலில் நின்று சம்பாதிக்கும் ஒரே ஆள் இதுதான்.

இரண்டாவது ஆள் பூஞ்சை. செராடோபசிடியம் என்ற கூட்டத்தைச் சேர்ந்தது. நெல் போடுகிறவர்களுக்கு இதன் உறவுக்காரனை நன்றாகத் தெரியும்: தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்தில் தாளில் சாம்பல் பச்சைத் திட்டுகளாக ஆரம்பித்து மேலே ஏறுமே இலையுறைக் கருகல், அதைக் கொண்டுவரும் ரைசோக்டோனியா இதே குடும்பம்தான். அங்கே வில்லன். இங்கே மெலலூக்காவின் வேர்நுனிக்கு உறை போட்டுக்கொண்டு சாதுவாகக் கொடுக்கல் வாங்கல் நடத்துகிறது. 1980-களில் அடிலெய்டில் வார்கப் என்ற பூஞ்சை ஆய்வாளர் இந்த ஆர்க்கிட்டுக்குள்ளிருந்து பூஞ்சையைப் பிரித்தெடுத்து, அதே பூஞ்சை மெலலூக்கா வேரிலும் கூட்டுச் சேர்கிறது என்று காட்டினார். பின்னால் டி.என்.ஏ. வைத்துப் பார்த்தவர்களுக்கும் கிடைத்த விடை அதுதான். ஆர்க்கிட்டுக்கு இந்த ஒரே பூஞ்சை போதும். இந்த ஒன்றை விட்டால் வேறு ஆளும் இல்லை.

மூன்றாவது ஆள் ஆர்க்கிட். பூஞ்சை இழை இதன் தண்டிலிருக்கும் ரோமம் வழியாக உள்ளே நுழைந்து, ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் நூல்கண்டு மாதிரி சுருண்டு கொள்ளும். நுழைகிற பூஞ்சைக்கு அங்கே என்ன லாபம் என்று கேட்டால், யாராலும் ஒன்றையும் காட்ட முடிந்ததில்லை. ஆர்க்கிட் அந்த நூல்கண்டை அப்படியே செரித்துவிடும், அப்புறம் புதிதாக ஒன்று உள்ளே வரும், அதுவும் செரிக்கும். இதைச் சும்மா யூகித்துவிட்டு விடவில்லை. 2010-ல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் ஜெரமி பூகூர் குழுவினர், எடை கூடிய கார்பன் அணுவைக் கொண்ட கரியமில வாயுவை மெலலூக்காவின் இலைக்குக் கொடுத்தார்கள். அந்த அடையாளமிட்ட கார்பன், இலையிலிருந்து வேருக்கும், வேரிலிருந்து பூஞ்சை வழியாக மண்ணுக்குள் கிடந்த ஆர்க்கிட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. நைட்ரஜனையும் பூஞ்சைதான் மண்ணிலிருந்து எடுத்து ஊட்டுகிறது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. மேலே புதர் வெயிலில் வெந்து சமைத்ததைக் கீழே ஒருவர் போர்வைக்குள் படுத்தபடியே வாங்கிச் சாப்பிடுகிறார்.

இப்படி எத்தனை லட்சம் வருஷம் சாப்பிட்டதோ, உடம்பே அதற்கேற்ப மாறிவிட்டது. பச்சைச் செடிகளின் பசுங்கணிகத்துக்கென்று தனியாக ஒரு மரபணுத் தொகுப்பு உண்டு. சாதாரணமாக ஒன்றரை லட்சம் டி.என்.ஏ. எழுத்து நீளம், 110 வாக்கில் மரபணுக்கள். கார்ட்னெரியில் அது 59,190 எழுத்தாகச் சுருங்கி, மிஞ்சியது வெறும் 37 மரபணு என்று 2011-ல் வெளியிட்டார்கள். வெயிலைப் பிடித்துச் சர்க்கரை செய்வதற்கு வேண்டியது மொத்தமும் காலி. அப்படியானால் அந்த 37 மட்டும் எதற்கு? அங்கேதான் எனக்கு இந்த ஆய்வு மிகவும் பிடித்துப்போனது. பசுங்கணிகத்தை நாம் ஒரு சூரிய அடுப்பு என்று மட்டுமே நினைத்துக்கொண்டிருக்கிறோம், ஆனால் கொழுப்பு அமிலம் தயாரிப்பது போன்ற வீட்டின் மற்ற வேலைகளும் அங்கேதான் நடக்கின்றன. அடுப்பை அணைத்துவிடலாம், அடுப்படியை இடிக்க முடியாது, ஏனென்றால் அம்மியும் ஆட்டுக்கல்லும் அங்கேதான் கிடக்கின்றன. எவ்வளவு தூரம் கழித்துக்கட்டலாம், எதற்கு மேல் கழிக்க முடியாது என்பதை இந்தச் செடி தன் உடம்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. அந்த நேரத்தில் நிலத்தாவரங்களிலேயே இதுதான் மிகச் சிறியது என்று பேசப்பட்டது. 2015-ல் எபிப்போஜியம் ரோசியம் என்ற மற்றொரு பூஞ்சையுண்ணி ஆர்க்கிட் சுமார் 19,000 எழுத்தோடு வந்து அதை முறியடித்தது. அந்த ரோசியம் நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் உண்டு. மழைக்கு வெளுத்த தண்டாகத் தலை நீட்டிவிட்டுச் சில நாளில் காணாமல் போய்விடும்.

திரும்பிப் போக வழியில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். புதர் செத்தால் இது இலை விட்டுப் பிழைத்துக்கொள்ளாது. இலை விடுவதற்கான குறிப்பையே தொலைத்தாயிற்று.

இனி ஊருக்கு வருவோம். பெர்த் நகரிலிருந்து தென்கிழக்கே 230 கிலோமீட்டர் போனால் கோரிகின். கோதுமையும் செம்மறியும்தான் பிழைப்பு. இன்றைக்கு அந்த வழியாகப் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்ப்பது அங்கிருக்கும் நாய்களுக்கான கல்லறைத் தோட்டத்தைத்தான். அந்த ஊரில் 1928-ல் ஜாக் டிராட் என்ற விவசாயி, மெலலூக்கா புதரை அழித்துத் திருத்திய தன் நிலத்தில் இந்தப் பூவை முதலில் கண்டார். மண்ணில் ஒரு வெடிப்பு, அதிலிருந்து ஓர் இனிய வாசனை, கிளறிப் பார்த்தால் உள்ளே பூ என்று அந்தக் கதையைச் சொல்வார்கள். அடிலெய்டில் மருத்துவராக இருந்துகொண்டே ஆர்க்கிட் ஆராய்ச்சியும் செய்த ரிச்சர்ட் ரோஜர்ஸ் அதே ஆண்டு அதற்குப் பெயர் வைத்தார். கார்ட்னெரி என்பது மேற்கு ஆஸ்திரேலியத் தாவரவியலாளர் சார்லஸ் கார்ட்னரின் பெயர். மண்ணுக்குள் பூக்கும் ஆர்க்கிட் என்றதும் அப்போது ஒரே பரபரப்பு. மெழுகில் மாதிரி செய்து பிரிட்டன் வரைக்கும் கொண்டுபோய்க் காட்டினார்கள்.

மூன்று வருஷம் கழித்து, 1931-ல், கண்டத்தின் மறு ஓரத்தில் நியூ சவுத் வேல்ஸில் ஒருவர் மற்றோர் ஆர்க்கிட்டைக் கிழங்கோடு தோண்டியெடுத்தபோது, அதனோடு ஒட்டிக்கொண்டு இரண்டாவது நிலத்தடி ஆர்க்கிட் வெளியே வந்தது. அதுவும் தற்செயல். இந்தக் கூட்டத்தில் யாரும் தேடிப்போய் முதலில் கண்டதாகச் சரித்திரமே இல்லை போலிருக்கிறது.

கார்ட்னெரி அப்புறமும் எப்போதாவது ஒரு தடவை கிடைத்தது. பெரும்பாலும் கலப்பை முனையில்தான். காடு திருத்தும்போது மண் புரளும், புரண்ட மண்ணில் ரோஜா நிறமாக ஏதோ தெரியும், யாராவது அதை எடுத்து டப்பாவில் போட்டு அனுப்புவார்கள். யோசித்துப் பாருங்கள், அது கண்ணில் பட்ட அதே உழவுதான் அதன் வீட்டின் கடைசி உழவு. புதர் போயிற்று, புதரோடு பூஞ்சை போயிற்று, அருங்காட்சியகத்துக்கு ஒரு மாதிரி கிடைத்தது. இந்தச் செடியைப் பற்றி நமக்குத் தெரிந்த ஆரம்பகாலத் தகவல் எல்லாமே இப்படி வீட்டை இடிக்கும்போது கிடைத்த சாமான் பட்டியல்தான்.

இடிப்பும் சின்ன அளவில் நடக்கவில்லை. 1960-களில் மாநில அரசே வருஷத்துக்குப் பத்து லட்சம் ஏக்கர் என்று இலக்கு வைத்துக் காட்டை விவசாயத்துக்குத் திறந்துவிட்டது. இரண்டு டிராக்டருக்கு நடுவில் கப்பல் சங்கிலியைக் கட்டி இழுத்துக்கொண்டே போனால் புதர்க்காடு அப்படியே சாயும், காய்ந்ததும் கொளுத்தி, உழுது, கோதுமை. கோதுமை மண்டலத்தின் நடுப்பகுதியில் இன்று பழைய காட்டில் பத்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. மிச்சமிருப்பதும் ஒரே துண்டாக இல்லை, சாலையோரக் கீற்று, வரப்போர மூலை, மலட்டு மேடு என்று சிதறிக் கிடக்கிறது.

அதோடு உவர். இது நம் விவசாயிகளுக்குச் சொன்னால் உடனே புரியும். அந்த மண்ணுக்குள் கடற்காற்றும் மழையும் பல்லாயிரம் வருஷமாகக் கொண்டுவந்து சேர்த்த உப்பு இறங்கிக் கிடக்கிறது. பழைய மரமும் புதரும் ஆழமாக வேர் விட்டு, பெய்கிற கொஞ்ச மழையை முழுக்க உறிஞ்சிக் கொண்டிருந்தவரை நிலத்தடி நீர் கீழேயே கிடந்தது, உப்பும் கிடந்தது. கோதுமையின் வேர் எத்தனை ஆழம் போகும்? வருஷத்தில் பாதி நாள் வயல் சும்மாவும் கிடக்கும். உறிஞ்சாமல் விட்ட தண்ணீர் இறங்கி, நிலத்தடி நீர் மட்டம் உயர்ந்து, உப்பைக் கரைத்துத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டது. பள்ளப் பகுதிகளில் மண் வெள்ளையாகப் பூத்து, நின்றபடியே செத்த மரங்கள். விவசாயத்துக்கென்று திருத்திய நிலம் விவசாயத்துக்கும் ஆகாமல் போனது ஒரு பக்கம், திருத்தாமல் விட்ட காட்டுத் துண்டுக்கும் அந்த உப்புத் தண்ணீர் பரவுவது மறுபக்கம்.

இதற்கிடையே 1959-க்குப் பின் இருபது வருஷம் செடியை யாரும் பார்க்கவில்லை. கிட்டத்தட்ட முடிந்தது என்றே நினைத்திருப்பார்கள். 1979-ல், கோரிகினிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தள்ளி, தெற்குக் கடலோரத்தை நெருங்கிய மங்லினப் பகுதியில் நிலம் திருத்திக்கொண்டிருந்த ஒரு விவசாயியின் கண்ணில் அது பட்டது. மறுபடியும் கலப்பை! ஆனால் இந்தத் தடவை ஆட்கள் தயாராக இருந்தார்கள். தன்னார்வலர்களும் தாவரவியலாளர்களும் சேர்ந்து துடைப்பப் புதர் நிற்கும் இடமாகப் பார்த்து முட்டி போட்டுத் தேட ஆரம்பித்தார்கள், கோரிகினுக்குப் பக்கத்தில் பாபகின் வட்டாரத்திலும் கண்டுபிடித்தார்கள். அதற்கப்புறம் எவ்வளவோ தேடியும் எண்ணிக்கை ஏறவில்லை, இறங்கத்தான் செய்தது. 2011-ல் மரபணு ஆய்வை வெளியிட்டபோது, காட்டில் தெரிந்த செடிகள் 50-க்கும் குறைவு, இடங்கள் ஐந்து என்றார்கள்.

அந்த எண்ணிக்கையும் போதாதென்று 2018-ல் இன்னொன்று நடந்தது. வடக்கே இருப்பதும் தெற்கே மங்லினப் பக்கம் இருப்பதும் ஒரே இனமல்ல என்று முடிவாகி, தெற்கத்தியதற்கு ரைசாந்தெல்லா ஜான்ஸ்டோனியை என்று புதுப்பெயர் வைத்தார்கள். வகைப்பாட்டின்படி சரியான வேலைதான். ஆனால் அரிதான ஓர் இனம் ஒரே நாளில் அதைவிட அரிதான இரண்டு இனமாகிவிட்டது, வடக்குக் கணக்கைத் தெற்கு வைத்துச் சமாளிக்கவும் இனி வழியில்லை.

உழவு நின்றுவிட்டதே, மிச்ச இடங்களில் பல பாதுகாப்பிலும் இருக்கின்றனவே, அப்புறமும் ஏன் குறைகிறது என்ற கேள்வி நியாயமானது. இங்கேதான் அந்த மூன்று பேர் கணக்கு வருகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கில் 1970-க்குப் பிறகு குளிர்கால மழை சுமார் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. மழை குறைந்தால் மெலலூக்கா உடனே சாவதில்லை, கட்டுச்செட்டாக வாழ ஆரம்பிக்கும். இலைத்துளையை மூடும், சர்க்கரை உற்பத்தி குறையும், வேருக்கு அனுப்புவது குறையும், வேரிலிருந்து பூஞ்சைக்கு இன்னும் குறையும். வரும்படி குறைந்த வீட்டில் முதலில் நிற்பது எந்தச் செலவு? கடைசிப் பந்தியில் சொல்லாமல் வந்து உட்கார்ந்தவனுக்குப் பரிமாறுவதுதானே. மேலிருந்து பார்த்தால் புதர் பச்சையாக, நன்றாகத்தான் நிற்கும். கீழே ஆர்க்கிட் அந்த வருஷம் பூக்காது. அடுத்த வருஷமும் பூக்காது. போதாக்குறைக்குப் புதருக்கும் வயசாகிறது, கிளைகளுக்கு நடுவே வெளிச்சம் விழ ஆரம்பிக்கிறது, சருகுப் போர்வை மெலிந்து மண் காய்கிறது, பக்கத்து வயலிலிருந்து உரமும் களையும் நுழைகின்றன.

விதை விஷயம் இன்னும் மோசம். மற்ற ஆர்க்கிட் ஒரே காயில் லட்சக்கணக்கில் தூசு விதையை வைத்துக் காற்றில் ஊதிவிடும், எங்கே போய் விழுந்தால் என்ன, ஒன்றாவது பிழைக்கும் என்ற கணக்கு. மண்ணுக்குள் காற்று ஏது? அதனால் இந்தச் செடி சதைப்பற்றான பழம் வைக்கிறது, உள்ளே கெட்டியான தோலோடு கொஞ்சமே விதைகள், பழுக்க அரை வருஷத்துக்கு மேல். இதைப் பார்த்தவுடனே தோன்றுவது, யாரோ தோண்டித் தின்று வேறிடத்தில் எச்சமிட வேண்டும் என்பதுதான். அந்த நிலத்தில் அப்படித் தோண்டித் தின்கிற ஆட்கள் இருந்தார்கள்: வோய்லி என்ற முயலளவுப் பைம்மா (வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கும் விலங்கு), பாண்டிகூட் என்ற இன்னொரு பைம்மா, இன்னும் சில. நிலத்தடிக் காளானை மோப்பம் பிடித்துத் தோண்டுவதுதான் வோய்லியின் தொழிலே. ஐரோப்பியர் கொண்டுவந்த நரியும் பூனையும் அவற்றைக் கோதுமை மண்டலத்தின் பெரும்பகுதியிலிருந்து துடைத்துவிட்டன, வோய்லியே இப்போது மிக மோசமான அழிவுப் பட்டியலில் இருக்கிறது. ஆக, பழம் பழுக்கிறது, எடுத்துப்போக ஆளில்லை. விதை அம்மா காலடியிலேயே கிடக்கிறது. அந்தப் புதர் போனால் எல்லாம் ஒன்றாகப் போகும்.

காப்பாற்ற முயல்கிறார்களா என்றால், முயல்கிறார்கள், அதுவும் கெட்டிக்காரத்தனமாக. பெர்த்தின் கிங்ஸ் பார்க் தாவரவியல் பூங்காவில் ஆர்க்கிட் விதையையும் அதன் பூஞ்சையையும் திரவ நைட்ரஜன் குளிரில் சேமிக்கும் நுட்பத்தைப் பல வருஷமாக வளர்த்திருக்கிறார்கள். தொட்டியில் வளர்க்க வேண்டுமென்றால் முதலில் மெலலூக்கா நாற்றை நட்டு, அதன் வேரில் பூஞ்சையை ஏற்றி, அது ஊன்றிய பிறகு ஆர்க்கிட் விதையை வேருக்குப் பக்கத்தில் புதைக்க வேண்டும். ஒரு செடி வளர்க்க மூன்று உயிரை வளர்க்கும் வேலை, மூன்றில் எது சுணங்கினாலும் மொத்தமும் போச்சு. காட்டில் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்க ஆர்க்கிட் ஆய்வாளர்கள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள், நைலான் வலைத்துணியில் சின்னப் பொட்டலமாக விதையைக் கட்டி மண்ணில் புதைத்துவிட்டு மாதக்கணக்கில் கழித்து எடுத்துப் பார்ப்பது. முளைத்திருந்தால் பூஞ்சை உண்டு.

தேடுவதிலும் ஒரு சங்கடம். சருகை ஒதுக்கி மண்ணைச் சுரண்டினால்தான் செடி தெரியும், ஆனால் சருகும் அந்த மேல்மண்ணும்தான் அதற்கு ஈரம் காக்கும் போர்வை. அடிக்கடி போய் நலம் விசாரித்தால் விசாரிப்பே நோயாகிவிடும். அதனால் எண்ணிக்கை எப்போதும் அரைகுறைதான். இந்த வகைச் செடிகளை எண்ணுவதே பெரிய சூதாட்டம். சிகாகோவில் 1912-ல் நார்மா ஃபைஃபர் என்ற மாணவி திஸ்மியா அமெரிக்கானா என்ற விரல்நுனி அளவுப் பூஞ்சையுண்ணியை ஒரு புல்வெளியில் கண்டார், 1916-க்குப் பிறகு அதை உலகத்தில் யாரும் பார்த்ததில்லை, அந்த இடம் தொழிற்சாலைப் பகுதியாகிவிட்டது. அதே குடும்பத்தில் ஜப்பானின் கோபே நகரில் 1992-ல் ஒன்று கிடைத்தது, அந்த இடமும் தொழிற்பேட்டையானது, அழிந்தது என்று எழுதியே வைத்துவிட்டார்கள். 2021-ல் சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி உயிரோடு கிடைத்தது.

இந்த கோபே கதையைச் சொல்லி, கார்ட்னெரியும் எங்கேயாவது நிறைய இருக்கும் என்று ஆறுதல்பட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. கோதுமை மண்டலத்தில் தேடாத காடு என்று பெரிதாக எதுவும் மிச்சமில்லை, காடே மிச்சமில்லை. என் குறை வேறு. பட்டியலில் செடியின் பெயர் இருக்கிறது, அது எத்தனை என்று எண்ணுகிறோம். எண்ண வேண்டியது அதன் தலைக்கு மேல் நிற்கும் புதருக்கு எத்தனை வயசு, அடியில் சருகு எவ்வளவு கனம், வேரில் அந்தப் பூஞ்சை இன்னும் உறை போட்டிருக்கிறதா என்பதை. ஆர்க்கிட் பூக்காமல் போனது தெரியவரும்போது கணக்கு பல வருஷம் முன்பே நொடித்திருக்கும்.

கடைசியாக அந்தப் புதரைப் பற்றி ஒரு விஷயம். ஆஸ்திரேலிய நகரங்களில் வீட்டைச் சுற்றிக் குச்சிகளை நெருக்கி அடுக்கிக் கட்டிய பழுப்பு வேலிகள் உண்டு, பார்ப்பதற்கு நம் ஊர் விளாறுப் படல் மாதிரியே இருக்கும். அது இந்த மெலலூக்காதான். வெட்டினால் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும், உவரையும் ஓரளவு தாங்கும் என்பதால், உப்புப் பூத்துக் கோதுமைக்கு ஆகாமல் போன நிலத்தில் சில விவசாயிகள் இப்போது அதை வரிசை பிடித்து நட்டு வேலிக்கென்று வளர்க்கிறார்கள். தாத்தா சங்கிலி போட்டு இழுத்த அதே புதரைப் பேரன் நாற்று வாங்கி நடுகிறான். அந்த வரிசைக்கு அடியில் பூஞ்சையையும் விதையையும் சேர்த்துப் புதைத்துப் பார்க்கலாமே என்று இதைப் படித்தபோது எனக்கு உடனே தோன்றியது. ஆனால் அதற்கு அடியில் சருகு கட்ட வேண்டும், நிழல் விழ வேண்டும், வேலிக்காரர் வந்து கேட்கும்போது அந்த வரிசையை மட்டும் வெட்டாமல் விட வேண்டும்.